கோயில் கயிற்றை அவிழ்த்து என் கைவண்டியை எடுத்தது குறித்து

என் பெயர் முப்பிடாதி. தகப்பனார் பெயர் காளிமுத்து, காலமாகிவிட்டார். வயது ஐம்பத்தெட்டு. தொழில் மட்டாஞ்சேரி பஜாரில் கைவண்டி இழுப்பது. குடியிருப்பது பாண்டிக்குடியில், முத்தாரம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள லைன் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோவில் பக்கம். பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை என் பேரில் எந்த வழக்கும் இருந்ததில்லை.

இந்த ஸ்டேஷனில் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதுவது வழக்கம். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. எனக்குத் தெரியாத எழுத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை, இனியும் போடமாட்டேன் என்று சொன்னேன். அதன்பேரில், பாலக்காட்டுக்காரரும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவருமான ஹெட் கான்ஸ்டபிள் நீலகண்டன் அவர்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, "அண்ணாச்சி, நிங்கள் தன்னே எழுதிக்கோ, ஞான் வாசிச்சுக்கறேன்" என்றார். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. பஜாரில் முடிவெட்டும் கடையில் கிடக்கும் தமிழ்ப் பேப்பரை வைத்துத் தானாக எழுத்துப் படித்தவன். ஆகையால் எழுத்துப் பிழை இருக்கலாம். விஷயத்தில் பிழை இல்லை.

எனக்கும் என் மனைவி மாயம்மாளுக்கும் ஒரே பிள்ளை, இசக்கிமுத்து. 1962ஆம் வருஷம் ஆவணி மாதம் பிறந்தவன். அவன் படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழிலும் அப்படியே இருக்கிறது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஓர் இஞ்சிக் கிடங்கில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மாயம்மாளும் அதே கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள்.

எங்கள் கோயிலில் வரி கட்டும் ஆண்பிள்ளைக்குத் தலைக்கட்டு என்று பெயர். ஊரில் கல்யாணம் ஆனால்தான் ஒருவன் தலைக்கட்டு. சென்ற வருஷம் கோயிலுக்கு மதில் கட்டவேண்டும் என்று பேச்சு வந்தபோது, பொருளாளர் பிச்சைமணி என் வீட்டுக்கு வந்து இசக்கிமுத்துவையும் தலைக்கட்டாகச் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். இவர் சேர்லாயில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வட்டிக்கும் கொடுப்பவர். அவன் சின்னப்பயல், கல்யாணம் ஆகட்டும் என்று நான் சொன்னேன். "சம்பாதிக்கிற பய எப்படிண்ணே சின்னப்பய ஆவான்? அந்தச் சட்டமெல்லாம் ஊரோட போச்சு. இங்க சம்பாதிச்சா ஆம்பளை" என்று பிச்சைமணி சொன்னார். அதன்பிறகு இசக்கிமுத்துவே தன் கூலியிலிருந்து முழு வரி கட்டினான். அவனைப்போல மீசை முளைக்காத இன்னும் நாலைந்து பேரும் கட்டினார்கள். மதில் இன்றுவரை எழவில்லை. அது ஏன் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் நான் ஒருவன்தான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் சித்திரையில் கொடைவிழாவுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். நான் அன்று அரிசி லோடு ஏற்றிக்கொண்டு தோப்பும்படிக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மாயம்மாள் சொல்லி எனக்குப் பின்னால் தெரியவந்தது இது. மூன்றாம் நாள் மண்டகப்படியை, அதாவது அந்த ஒரு நாளின் பூ, மேளம், சாப்பாடு எல்லாச் செலவையும் ஏற்பதற்கு யாரும் முன்வரவில்லை. அப்போது கூட்டத்தில் ஒருவர், "முப்பிடாதி வீட்லதான் இப்ப ரெண்டு தலைக்கட்டு ஆச்சே. பந்தியில நாலு கை நீளுது, மண்டகப்படிக்கு ஒண்ணுகூட நீளாதா?" என்றார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இசக்கிமுத்து எழுந்து நின்று, "மூணாம் நாள் எங்க வீட்டுது" என்று சொல்லியிருக்கிறான். கையில் பணம் இல்லாதவன் எப்படி ஏற்பது என்று யாரும் கேட்கவில்லை. பிச்சைமணி, "சபாஷ், இவன்லா ஆம்பளை" என்று சொல்லி, எழுநூறு ரூபாயைத் தானே கடனாகத் தருவதாக அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டு, மறுநாள் கொடுத்தும்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மாயம்மாளும் ஜாமீன் நிற்கவில்லை.

எனக்கு இது தெரிந்தது மூன்றாம் நாள் பூஜை நடக்கும்போது. இன்றைய மண்டகப்படி தலைக்கட்டு இசக்கிமுத்து என்று மைக்கில் சொல்லி, அவனைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மாலை அவன் உயரத்துக்குப் பெரிதாக, முழங்கால் வரை கிடந்தது. அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். சாமிக்கு முன்னால் வாய்த்தகராறு வேண்டாம் என்று நான் பேசாமல் வந்துவிட்டேன். சாப்பிட உட்காரவில்லை.

அதன்பிறகு வைகாசியில் பிச்சைமணி பணத்துக்காக என் வீட்டு வாசலுக்கு வந்தார். வாங்கியவனிடம் கேள் என்று சொன்னேன். "மீசை மொளைக்காத பயகிட்ட நான் எங்கண்ணே போய் நிப்பேன்? பெத்தவன் நீருதானே?" என்றார். "வரி வாங்கறப்ப மீசை இருந்துதா? மாலை போடறப்ப இருந்துதா?" என்று நான் கேட்டேன். சபையில் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இசக்கிமுத்து என்னிடம், "இப்ப நீங்க குடுத்துருங்கப்பா, நான் மாசாமாசம் உங்ககிட்டத் தந்துர்றேன்" என்றான். நான் முடியாது என்றேன். என்னிடம் அப்போது பணம் இருந்தது, வண்டிக்குப் புது அச்சு போட வைத்திருந்தேன். பணம் இல்லை என்பதால் மறுக்கவில்லை. ஆம்பளை என்று பெயர் வாங்கினவன் ஆம்பளையாகவே அதை அடைக்கவேண்டும் என்பதால் மறுத்தேன். இதை அவனிடமும் சொன்னேன். மறுநாள் அவன் துணியை எடுத்துக்கொண்டு படகில் அக்கரைக்கு, வைப்பினுக்குப் போய், மீன் ஏற்றும் இடத்தில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். அன்று முதல் ஏழு மாதமாக எனக்கும் மேற்படி இசக்கிமுத்துவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாயம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட் கொச்சி ஜெட்டிக்குப் போய் அவனைப் பார்த்து வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன்குழம்பு இரண்டு பாத்திரத்தில் இருக்கும். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை.

மாயம்மாள் தன் காதுத் தோட்டை அடகு வைத்துக் கடனை முடித்துவிடலாம் என்று பலமுறை சொன்னாள். "உங்க வீம்பை உலையில போட்டா வேகுமா?" என்றும் கேட்டாள். நான் சம்மதிக்கவில்லை. தோடு இப்போதும் அவள் காதில்தான் இருக்கிறது.

இதற்கிடையில் நடந்த முக்கியமான ஒரு விஷயம். இசக்கிமுத்து ஐஸ் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கியதும் அதிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு தானே பிச்சைமணியின் கடைக்குப் போயிருக்கிறான். பிச்சைமணி அதை வாங்கவில்லை. "உன் துட்டு எனக்கு வேண்டாம்டே. உங்கப்பன் கையால சபையில கொண்டாந்து வைக்கச் சொல்லு. மதில் எங்க, மதில் எங்கன்னு கேட்டாம்லா, அந்த வாயால மன்னிப்புக் கேட்டு வைக்கச் சொல்லு" என்று கடையில் சரக்கு வாங்க நின்றவர்கள் முன்னிலையில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது அங்கே எண்ணெய் வாங்க நின்ற முனியாயி என்பவர் இதைக் கேட்டிருக்கிறார். அவரை விசாரித்தால் சொல்வார். கடன் வாங்கியவன் கொடுக்க வந்தும் கொடுத்தவர் வாங்க மறுத்தார் என்பதைச் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கவனிக்கவேண்டும்.

தீபாவளி கழிந்து சபை கூடியது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கடன் வாங்கித் தவணை தவறியவனின் தொழில் சாமானைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பந்தல் காலில் மஞ்சள் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அது அம்மன் கயிறு. கடன் தீர்ந்து சபையார் அவிழ்க்கும்வரை சொந்தக்காரன்கூடத் தொடக்கூடாது. இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கொடுக்க இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல வழக்கம். சில வருஷத்துக்கு முன் ஒச்சப்பன் என்பவரின் வண்டியை இதேபோலக் கட்டியபோது, லோடு கட்டிப் பழகிய கை என்று சொல்லி என்னைத்தான் முடிச்சுப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன். அது ஒச்சப்பன் வாங்கிய கடன், ஒச்சப்பனின் வண்டி. ஒருவன் கடனுக்கு இன்னொருவனின் சாமானைக் கட்டியது அதற்குமுன் நடந்ததே இல்லை.

நான் பஜாரில் கணக்குத் தீர்க்கப் போயிருந்த நேரத்தில், வீட்டு வாசலில் நின்ற என் வண்டியை நாலு பேர் இழுத்துக்கொண்டுபோய்க் கோயில் பந்தலில் கட்டிவிட்டார்கள். மாயம்மாள் குறுக்கே நின்றும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டபோது பிச்சைமணி, "பிள்ளை கடன் பெத்தவன் கடன். இதுல என்ன பேச்சு?" என்றார். "அப்படின்னா அவன் பேர்ல வாங்கின வரியை எனக்குத் திருப்பிக் குடு. ஒண்ணு அவன் தலைக்கட்டு, இல்லை பச்சப்பிள்ளை. ரெண்டுல ஒண்ணைச் சபையில சொல்லு" என்றேன். நான் அன்று கயிற்றைத் தொடவில்லை.

அதன்பிறகு வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் வீடு மாறியபோது சாமான் ஏற்றியவன் என்ற பழக்கத்தில் பணம் வாங்காமல் பேசினார். மைனர் வாங்கிய கடனுக்கு, தகப்பன் சொல்லி வாங்கியிருந்தாலொழிய, தகப்பன் பொறுப்பாளி ஆகமாட்டான் என்றார். மைனர் எழுதிக் கொடுத்ததே செல்லாது, பையனும் கொடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். முதலில் சொன்னதை ஏற்றுக்கொண்டேன், இரண்டாவது வேண்டாம் என்றேன். வாங்கினது வாங்கினதுதான். வக்கீல் சிரித்துக்கொண்டு, "இதொக்கே கோர்ட்டில் பறயாம். நிங்கள்டெ அம்மன்டெ முன்னில் ஆரு பறயும்?" என்றார். கோர்ட்டில் சொல்லலாம், அம்மன் முன்னால் யார் சொல்வது என்று அர்த்தம்.

வண்டி கட்டப்பட்ட நாள் முதல் நான் பஜாரில் தலைச்சுமை எடுத்தேன். மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் கிடங்கிலிருந்து வள்ளத்துக்கு. இந்த வயதில் தலைச்சுமைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, கூப்பிட்டவர்களும் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள். என் தலைத்துணியில் ரத்தக்கறை இருந்ததை மாயம்மாள் துவைக்கும்போது பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் இசக்கிமுத்துவிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்று, 1979 டிசம்பர் மாதம் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கோயில் தெரு முனையில் உள்ள கடையில் சாயா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டது. என் வண்டியின் இடது சக்கரம் அச்சில் உராய்ந்து ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டே அது என் வண்டி என்று தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மேற்படி இசக்கிமுத்து வண்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தான். காலிவண்டிதான் என்றாலும் அது இரண்டு ஆள் வண்டி. என்னைக் கடக்கும்போது அவன் நிற்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குப் போய், எப்போதும் நிற்கும் இடத்தில், கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்தினான்.

கயிற்றை அறுத்துச் சாக்கடையில் எறிந்ததாகப் பிச்சைமணி புகாரில் சொல்லியிருப்பது பொய். கயிறு அறுக்கப்படவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. அவிழ்த்த கயிறு மண்ணில் படாமல் சுருட்டிப் பந்தல் காலில் ஆணியில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஹெட் கான்ஸ்டபிள் அவர்களே நேரில் வந்து பார்த்து அதை எடுத்து வைத்திருக்கிறார்.

சிறிது நேரத்தில் பிச்சைமணியும் ஏழெட்டுப் பேரும் என் வாசலுக்கு வந்தார்கள். "அம்மன் கயித்துல வச்ச கை வெளங்குமா?" என்று பிச்சைமணி சத்தம் போட்டார். "கைக்கு ஒண்ணும் ஆகலை மாமா. அவுத்த பெறகு ரெண்டு ஆளு வண்டியை அந்தக் கையாலதான் ஒத்தையில இழுத்துட்டு வந்தேன்" என்று இசக்கிமுத்து சொன்னான். வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பிச்சைமணி அவன் சட்டையைப் பிடித்தார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை. அதன்பிறகு போலீசுக்கு ஆள் போய், எங்கள் இரண்டு பேரையும் வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே இசக்கிமுத்து, "நான்தான் அவிழ்த்தேன், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லியிருப்பதாக ஹெட் கான்ஸ்டபிள் அவர்கள் எனக்குத் தெரிவித்தார். அவன் பேரில் வழக்குப் பதிவானால், பதினெட்டு முடியாததால், சிறுவர் கோர்ட்டுக்கு அனுப்பவேண்டி வரும், அங்கிருந்து சிறுவர் இல்லத்திலும் வைக்கலாம், ஐஸ் கம்பெனி வேலையும் போய்விடும் என்றும் விளக்கினார். ஆகையால் இதன்பிறகு எழுதுவதைக் கவனமாக எழுதுகிறேன்.

கயிற்றை அவிழ்த்து வண்டியை எடுத்தது நான் சொல்லி நடந்த காரியம். பொறுப்பு என்னுடையது. வழக்கு எழுதுவதானால் என் பேரில் எழுதவேண்டும்.

இந்த இடம்வரை வாசித்துவிட்டு ஹெட் கான்ஸ்டபிள் அவர்கள் கேட்டது: "அண்ணாச்சி, மகனோட ஏழு மாசமா பேச்சில்லைன்னு நிங்கள் தன்னே மேலே எழுதியிருக்கு. பின்னே எப்போ சொன்னது, அவுக்கச் சொல்லி?"

நியாயமான கேள்வி. என் பதில் பின்வருமாறு. அவனுக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவனை பஜாருக்குக் கூட்டிப்போவேன். நான் கிடங்குக்குள் போகும்போது அவனை வண்டிமேல் உட்காரவைத்து, "வண்டியில ஒருத்தனையும் கை வைக்க விடாதே. மீறி வச்சா, வண்டியை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒருமுறை வழியை அடைத்து நிற்கிறது என்று நகராட்சி ஆட்கள் வண்டியைத் தூக்க வந்தபோது, நான் வரும்வரை சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான். முழங்கையில் தோல் உரிந்த தழும்பு இப்போதும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்த உத்தரவை நான் அன்றும் திரும்பப் பெறவில்லை, அவன் வைப்பினுக்குப் போனபோதும் பெறவில்லை. பேச்சை நிறுத்தினேனே தவிர உத்தரவை நிறுத்தவில்லை. என் மகன் இன்று காலையில் நிறைவேற்றியது அந்த உத்தரவைத்தான்.

கடன் வாங்கு என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆகையால் கடன் அவனுடையது. வண்டியைக் காத்துக்கொள் என்று சொன்னவன் நான். ஆகையால் கயிறு என்னுடையது. பிள்ளை தானாகச் செய்ததைத் தகப்பன் தலையில் ஏற்றுவதும், தகப்பன் சொல்லிச் செய்ததைப் பிள்ளை தலையில் ஏற்றுவதும் ஒரே மாதிரியான அநியாயம். முதல் அநியாயத்தை ஏழு மாதமாக நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அபராதம் போட்டால் கட்டுகிறேன், உள்ளே வைத்தால் இருக்கிறேன். பிச்சைமணிக்கு எழுநூறு ரூபாயில் ஒரு ரூபாயும் என் கையால் கொடுக்கமாட்டேன்.

வரும் ஆவணியில் என் மகனுக்குப் பதினெட்டு முடிகிறது. அப்போது அவன் சேர்த்த பணத்தைச் சபையில் அவன் கையால் வைப்பான். வாங்கமாட்டேன் என்று யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ள நான் கூடப் போவேன். பணத்தைத் தொடமாட்டேன்.

ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கும் வண்டி என்னுடையது. என்னை வைத்திருக்கும் வரையில் அதை என் மகனிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடது சக்கரத்துக்குப் புது அச்சு போடவேண்டும், அதற்கான பணம் அரிசிப் பானைக்குப் பின்னால் டப்பாவில் இருக்கிறது. அதுவரை கிரீஸ் போட்டு ஓட்டலாம். ஏற்றத்தில் தனியாக இழுக்கக்கூடாது, பின்னால் தள்ள ஓர் ஆள் வைத்துக்கொள்ளவேண்டும். காலையிலிருந்து அவன் சாயா குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகையால் இந்த ஒரு பத்தியை மட்டும் ஹெட் கான்ஸ்டபிள் அவர்கள் அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும்.

இதிலுள்ள ஒவ்வொரு வரியும் நான் என் கையால், என் புத்தியோடு எழுதியது. யாரும் மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவில்லை. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தியது ஓர் இடத்தில் மட்டும். ஹெட் கான்ஸ்டபிளின் கேள்விக்கு எழுதிய பதிலில், "மேற்படி இசக்கிமுத்து" என்று முதலில் எழுதியதை அடித்து "என் மகன்" என்று எழுதியிருக்கிறேன். திருத்தம் என்னுடையதே.

(ஒப்பம்)
கா. முப்பிடாதி
மட்டாஞ்சேரி, 16.12.1979

வாசித்தேன். கேட்டுக்கொண்ட பத்தியை முற்றத்தில் வைத்துப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன்.
(ஒப்பம்) நீலகண்டன், ஹெட் கான்ஸ்டபிள்